மடு திறந்த நிவாரண நிலையம்

மன்னார் மாவட்டக் காட்டுப்புறத்தில், மடு மாதா திருத்தலத்தைச் சூழ அமைந்த ஏதிலிப் புகலிடம். 1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் வெடித்தபின், ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் இங்கும் மன்னார்த் தீவின் பேசாலையிலும் இத்தகைய நிலையங்களை அமைத்தது. ஆவணித் திருவிழாவுக்கு வருவோர் கூடாரமடிக்கும் மரநிழலிலேயே, ஓடிவந்த குடும்பங்கள் கிடுகும் தறப்பாளும் கொண்டு கொட்டில் போட்டன.

1951 அகதிகள் உடன்படிக்கை எல்லை கடந்தோரையே காக்கும். மடுவில் இருந்தவர்களோ சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். இத்தகையோருக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 1998இல்தான் முன்வைக்கப்பட்டன. அவையும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆக, மடுவில் நடைமுறை முந்திக்கொண்டது, ஏடு பிந்தியே வந்தது.

உள்நாட்டுப் போரில் குடிமக்களைத் தாக்குவதை 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது 3ஆம் உறுப்புரை தடுக்கிறது. வழிபாட்டிடங்களைப் பெயர் சொல்லிக் காக்கும் 1977ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை இணையவில்லை. ஆயினும் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் அது 1980இலேயே சேர்ந்திருந்தது.

1999 நவம்பர் 20 இரவு தேவாலய வளாகத்தில் ஷெல்கள் விழுந்தன. தஞ்சமடைந்திருந்தோரில் சிறுவர் உட்பட ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அரசும் புலிகளும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டனர். போர் மீண்டும் நெருங்கிய 2008 ஏப்ரலில் குருமார் மாதா சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் அது மடு திரும்பியது.