கண்ணில் பட்ட பந்தும் கையில் அறுந்த நாரும்

ஒருவரது வீழ்ச்சிக்குக் காரணம் தேடும்போது, கண்ணுக்குத் தெரியும் காயத்தையே சுட்டிவிட்டு நாம் அமைதி கொள்கிறோம். ஹெர்ப் ஸ்கோர் என்னும் அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளரின் வரலாறு இவ்வழக்கத்தை ஐயுற வைக்கிறது.

1955இல் கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. இடக்கையால் வீசும் அவருடைய பந்தை அடிக்க இயலாமலேயே அவ்வாண்டு 245 முறை மட்டையாளர்கள் வெளியேறினர். இருபதாம் நூற்றாண்டின் புதுமுக வீரர்களில் அவர் நாட்டிய இச்சாதனை, 1984இல் ட்வைட் கூடன் முறியடிக்கும்வரை நின்றது. 1956இல் அவருக்கு இருபது வெற்றிகள். 1957 மார்ச்சில் பாஸ்டன் அணி அவருக்காகப் பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது; கிளீவ்லாந்து மறுத்துவிட்டது.

அடுத்து வந்தது மே 7. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கெதிரான ஆட்டத்தின் முதற்சுற்றில் கில் மெக்டூகல்ட் அடித்த பந்து நேரே பாய்ந்து ஸ்கோரின் வலக்கண்ணைத் தாக்கியது. முகத்தின் எலும்புகள் முறிந்தன. ஸ்கோர் பார்வையிழந்தால் தாமும் ஆட்டத்தை விட்டுவிடுவதாக மெக்டூகல்ட் கூறினார்.

பார்வை மீண்டது, ஆனால் பழைய ஸ்கோர் மீளவில்லை. அந்நாள்வரை 38 வெற்றி, 20 தோல்வி; அதன்பின் 17 வெற்றி, 26 தோல்வி. 1962இல் முதல்தர ஆட்டங்களிலிருந்து மறைந்தார். அச்சத்தால் வீசும் முறையை மாற்றிக்கொண்டார் என்றே பலரும் முடிவு கட்டினர்.

ஸ்கோர் இதனை ஒருபோதும் ஏற்கவில்லை. 1958இல் ஈரமான ஓரிரவில் பந்து வீசும்போது கையில் தசைநார் அறுந்தது. வீச்சு மாறியது அவ்வலியால்தான் என்பதே அவர் கூற்று. 1964 முதல் 1997 வரை கிளீவ்லாந்து ஆட்டங்களின் வருணனையாளராக இருந்த அவர், 2008இல் மறைந்தார்.

மெக்டூகல்டுக்கும் ஒரு காயம் உண்டு. 1955இல் பயிற்சியின்போது சகவீரர் அடித்த பந்து காதருகே பட்டது. ஆண்டுகள் செல்லச்செல்லச் செவித்திறன் அழிந்தது. 1994இல் செய்த அறுவை சிகிச்சையே அதை மீட்டுத் தந்தது.

ஒரு நொடியில் விழும் அடியை ஊர் நினைவில் கொள்கிறது. மெல்ல அறுக்கும் வலியை அனுபவித்தவர் மட்டுமே அறிவர். ஸ்கோர் நாற்பதாண்டுக்கு மேலாக நமக்குச் சொல்ல முயன்றது இதைத்தான். தன் வாழ்க்கையின் காரணத்தைத் தானே கூறும் உரிமையையேனும் அவருக்கு நாம் அளிக்க வேண்டாமா?