பார்பேரியன்: காதுல பிறந்த சொல்

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்திப் பேசலாம்: பார்பேரியன். கேம்ஸ்லயும் சினிமாவுலயும் கோடரியோட கத்திக்கிட்டு வர்றவனுக்கு இந்தப் பேருதான் வைப்பாங்க. தமிழ்ல 'காட்டுமிராண்டி'ன்னு சொல்லிடுவோம்.

ஆனா அந்தச் சொல் பிறந்தப்போ அதுல கோடரியும் இல்லை, காடும் இல்லை. கிரேக்க மொழி பேசாதவங்க பேச்சு, கிரேக்கர்கள் காதுக்கு 'பர்... பர்...'னு கேட்டுச்சு. அப்படி வந்ததுதான் 'பார்பரோஸ்'. சமஸ்கிருத 'மிலேச்சர்' என்ற சொல்லும் தெளிவில்லாமப் பேசுறதைக் குறிக்கிற வேர்லேர்ந்து வந்ததுதான். கோடு எழுதுற எனக்கு இது பழக்கமான விஷயம். சரியான எழுத்துரு இல்லைன்னா நல்ல தமிழ்கூட ஸ்கிரீன்ல கட்டம் கட்டமாத்தான் தெரியும். எழுதினவர் மேல தப்பில்லை.

அப்புறம் போர் வந்தது. கி.மு. 480-ல சலாமிஸ்ல பாரசீகக் கப்பற்படையைக் கிரேக்கர்கள் தோற்கடிச்சாங்க. எட்டு வருஷம் கழிச்சு, ஏதென்ஸ்ல எஸ்கிலஸோட 'பாரசீகர்கள்' நாடகம் மேடையேறுது. அதுல பாரசீகத் தூதனே தன்னோட படையை 'பார்பரோஸ்'னு சொல்றான்! மொழி புரியாதவன் இப்போ எதிரி ஆயிட்டான்.

அடுத்த நூற்றாண்டுல அரிஸ்டாட்டில் தன்னோட 'அரசியல்' நூல்ல, பார்பேரியனும் அடிமையும் இயல்பிலேயே ஒண்ணுதான்னு எழுதினார். காதுல பிறந்த சொல், காலுக்கு விலங்கா மாறிடுச்சு.

அந்த வரி ஏட்டோட நிக்கலை. சுமார் 1,900 வருஷம் தாண்டி, 1550-ல ஸ்பெயினோட வல்லாடோலிட் நகரத்துல ஒரு விவாதம். அமெரிக்கப் பழங்குடிகள் மேல போர் தொடுத்து அவங்களை அடக்குறது நியாயமா? நியாயம்தான்னு வாதாடின செபுல்வேதா கையில எடுத்தது அரிஸ்டாட்டிலை. எதிர்த்து நின்னவர் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற பாதிரியார். பல வருஷம் அமெரிக்காவுல இருந்து, அங்க நடந்த கொடுமைகளைக் கண்ணால பார்த்தவர்.

லாஸ் காசாஸ் பிற்பாடு எழுதினதுல எனக்குப் பிடிச்ச வாதம் ஒண்ணு இருக்கு. அவங்க பேசுறது நமக்குப் புரியலைன்னு அவங்களை பார்பேரியன்னு சொல்றோம். நாம பேசுறது அவங்களுக்கும் புரியலையே, அப்போ அவங்களுக்கு நாமளும் பார்பேரியன்தானே?

சொல்லை அது கிளம்பின இடத்துக்கே, காதுக்கே, திருப்பிக் கொண்டு வந்துட்டார் மனுஷன். அந்த அர்த்தத்துல பார்த்தா பார்பேரியன்னு தனியா ஒரு கூட்டமே கிடையாது. ஒருத்தர் மொழி இன்னொருத்தருக்குத் தெரியாத ரெண்டு பேர் இருக்காங்க, அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல வேற ஒரு சொல்லோட வர்றேன்.