சீனக்குடாக் காட்டுக்குள்ள என்ன இருக்கு?

காட்டுக்கு அடியில வெள்ளைக்காரன் சுரங்கம் வெட்டித் தங்கத்தை வச்சிட்டுப் போனவன் எண்டு ஒரு கதை. தம்பலகாமத்தில வளர்ந்த எங்களுக்குப் புதுசில்லை. போன போகம் இதை நம்பி ஆரோ இரவோடிரவா எங்கட வயல் வரம்பைக் கிண்டிப் போட்டினம். கட்டின தண்ணி முழுக்க வடிஞ்சு போச்சு.

கதைக்கு ஒரு வேர் இருக்கு. திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல்களுக்காக பிரித்தானியர் சீனக்குடாக் காட்டுக்குள் நூறளவில் எண்ணெய்க் குதங்களைக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் குதம் ஒன்றின் மேலேயே விழுந்து எரிந்தது. எச்சரிக்கை கிடைத்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அதில் 300 பேருக்கு மேல் மாண்டார்கள்.

"பிளேன் வந்து எண்ணெய்த் தாங்கியில விழுந்தது, நாள்க்கணக்காப் புகை" எண்டு அப்பப்பா சொல்லுவார். நாங்கள் அதைக் கேட்டுச் சிரிச்சம், தங்கக் கதையை நம்பினம். நடந்தது என்னவோ அவர் சொன்னதுதான்.

99 குதங்கள் இண்டைக்கும் மண்ணுக்கு மேலதான் நிக்குது. கிண்ட வாற தம்பிமார், வரம்பில கை வையாதேங்கோ. வீட்டில வயசான ஆக்கள் இருந்தா, இருக்கேக்கையே அவையளைக் கேளுங்கோ.