தலைமன்னாருக்கு முந்திய கரைகள்

மலையகத்திலிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள் தலைமன்னார் இறங்குதுறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. துருப்பிடித்த இரும்புத் தூண்களைக் காட்டி, "நமது பூட்டன்மார் இங்கே இறங்கித்தான் மாத்தளைக்கு நடந்தார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். வலப்பனையிலிருந்து நண்பர்கள் ஐவராக வான் ஒன்றில் நாங்கள் சென்றிருந்தபோது எங்களில் ஒருவரும் இதையே சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு காலங்கள் கலந்து கிடக்கின்றன.

இறங்குதுறைக் கப்பல் சேவை தொடங்கியது 1914இல். பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய ஆண்டு அது. அந்தத் துறையில் இறங்கிய தொழிலாளி மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை முடித்து வந்தவர். கரையில் அவருக்காகப் புகையிரதம் காத்து நின்றது. நடந்தவர்கள் அவருக்கு இரண்டு, மூன்று தலைமுறை முந்தியவர்கள். அவர்களைத் தேடுவதானால் வண்டியைத் தெற்கே திருப்ப வேண்டும்.

மன்னார்த் தீவைவிட்டுப் பாலம் கடந்து, வங்காலை வழியாக அரிப்பு, சிலாவத்துறை நோக்கிச் செல்லும் பாதை அது. ஒருபுறம் பனைகளும் உடைமரங்களும், மறுபுறம் ஆழமற்ற நீலக்கடல். மீன்வாடிகளின் முன்னே வலை காய்கிறது. சாக்கு விரித்து நெத்திலி உலர்த்துகிறார்கள். (லயத்துச் சமையலில் கருவாட்டுக்குள்ள இடம் தெரிந்தவர்கள் இங்கே வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார்கள். நாங்களும் நிறுத்தினோம்.) அருவி ஆறு கடலைச் சேரும் பகுதியைத் தாண்டினால் அரிப்பு. அங்கே கடலரிப்பில் இடிந்து நிற்கும் கட்டடத்தை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். உண்மையில் அது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை.

அந்த முத்துக்குளிப்புக்கும் நம் கதைக்கும் தொடர்புண்டு. கோப்பித் தோட்டங்கள் தோன்றுமுன்பே, குளிப்புக் காலங்களில் தமிழகக் கரையிலிருந்து சுழியோடிகளும் வணிகர்களும் ஆயிரக்கணக்கில் இக்கரைக்கு வந்துபோயினர். கடல்வழி பழகிய வழியாக இருந்தது. 1823இல் கம்பளைக்கருகில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியதைத் தொடர்ந்து ஆட்கள் தேவைப்பட்டபோது, கங்காணிமார் புதுவழி எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. தோணிகள் அரிப்பிலும் மன்னாரை ஒட்டிய பிற கரைகளிலும் ஆட்களை இறக்கின. அங்கிருந்து மாத்தளைக்குச் சுமார் 150 மைல் காட்டுவழி.

கோப்பிக் காலத்தில் நடந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். எனவே அந்தக் காட்டைப் பலர் மீண்டும் மீண்டும் கடந்தனர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் வழிநெடுகக் கொன்றன. 1840களில் மாண்டவர்கள் எழுபதாயிரம் பேர் என 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' எழுதியது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அத்தொகையை அப்படியே எடுத்தாள எனக்குத் தயக்கமுண்டு. வழியில் இறந்தவர்களுக்கு ஒழுங்கான பதிவு இல்லாத காலம் அது. பின்வந்த ஆய்வாளர்களும் ஐயம் தெரிவித்திருக்கிறார்கள். பாதியாகக் குறைத்தாலும் அது பேரழிவே.

தேயிலை வந்த பிறகுதான் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. நூற்றாண்டின் இறுதியில் பிளேக் அச்சத்தால் வடபாதை மூடப்பட்டு, ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். அதற்கும் பிறகே தலைமன்னாரின் முறை. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் வருகைக்குத் தடை விதித்தது. ஆக, அந்த இறங்குதுறை தோட்டத்திற்கு ஆள் வரும் வாசலாக இருந்தது வெறும் கால் நூற்றாண்டு.

அதன்பின் அதுவே போகும் வாசலாயிற்று. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இரண்டு மாதம் முடியுமுன் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. புகையிரதமே இல்லாத எங்கள் வலப்பனைப் பக்கத்தவர்கள், அந்த ஒப்பாரியைத் தோட்டத்து முச்சந்தியிலேயே தொடங்கிவிட்டார்கள். 1980களின் நடுப்பகுதியில் போர் அந்தக் கப்பலையும் நிறுத்தியது.

2023இல், இருநூறாண்டு நினைவாக, ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. நினைவுகளெல்லாம் வந்து குவிந்திருக்கும் இடம் என்பதால் தலைமன்னாரைத் தெரிந்தெடுத்ததில் பிழை காணமாட்டேன். ஆனால் இனிப் பிள்ளைகளோடு அங்கே செல்கிறவர்கள் அரைநாள் ஒதுக்கி அரிப்பு வரையும் போய் வாருங்கள். வங்காலை தாண்டினால் பாதை நேரே கொண்டுபோய் விடும்.