மேசை மேல் ஒரு தேங்காய் மட்டை

அதைச் சிரட்டை என்று எழுதுவோர் உண்டு, மட்டை என்று எழுதுவோரும் உண்டு. தேங்காய் உரித்துப் பழகிய வீட்டில் இந்தச் சந்தேகமே வராது. சிரட்டையில் எழுதுவதென்றால் முதலில் மட்டையை உரிக்க வேண்டும், பிறகு நாரைச் சுரண்ட வேண்டும். பச்சைக் காயின் மட்டையோ வழுவழுவென்றிருக்கும். கத்தி நுனி பட்டாலே கோடு விழும். நாலு நாளாகத் தேங்காயைத் தவிர பெரிதாக எதுவும் தின்னாத 26 வயது இளைஞர், 1943 ஆகஸ்டில் சாலமன் தீவுகளின் ஒரு பொட்டுத் தீவில் உட்கார்ந்து எதில் எழுதியிருப்பார் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எழுதியது தந்தி போலச் சிக்கனமானது. தீவின் பெயர், நௌரோ. இதைக் கொண்டுவரும் ஊர்க்காரனுக்கு இடம் தெரியும், வழிகாட்டுவான். 11 பேர் உயிரோடிருக்கிறோம். சிறு படகு தேவை. கீழே கென்னடி என்று பெயர்.

மொத்தம் 13 பேர் ஏறிய படகு அவர்களுடையது. பிடி-109. கப்பலை டார்பிடோவால் அடித்துவிட்டு ஓடுவதற்காக மரத்தில் கட்டிய 80 அடி வேகப்படகு. ஆகஸ்ட் 2 விடிவதற்குமுன், பிளாக்கெட் ஜலசந்தியின் கும்மிருட்டில், நீரில் நுரை கிளம்பி எதிரி விமானத்துக்குக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதென்று மூன்று இன்ஜினில் ஒன்றை மட்டும் மெதுவாக ஓட்டிக்கொண்டு நின்றபோது, அமாகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் குறுக்கே ஏறிப் படகை இரண்டாகப் பிளந்துகொண்டு போய்விட்டது. இருவர் அங்கேயே மாண்டார்கள். மிஞ்சியவர்கள் உடைந்த பாதியைப் பற்றிக்கொண்டு பகலாகும்வரை மிதந்துவிட்டு, பிறகு மூன்றரை மைல் நீந்தினார்கள். தீக்காயம் பட்ட இன்ஜின்காரரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு அவரை இழுத்தபடியே நீந்தினார் கென்னடி. இதை யாரும் மறுத்ததில்லை. ஆனால் அவ்வளவு வேகமான படகு எப்படி அகப்பட்டது என்ற கேள்வி அன்றே எழுந்தது. எப்படி வீரரானீர்கள் என்று பின்னாளில் கேட்டவருக்கு, நானாக ஆகவில்லை, என் படகை மூழ்கடித்துவிட்டார்கள் என்று அவர் பதில் சொன்னதில் தன்னடக்கம் பாதி, தப்பிப்பு பாதி.

மட்டைக்கு வருவோம். அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு தீவுக்காரர்கள்: பியூக்கு காசா, எரோனி குமானா. கொலம்பங்காரா தீவின் மலையில் ஒளிந்து கப்பல்களை வேவு பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர் ரெஜினால்ட் எவன்ஸுக்கு உளவு சொல்பவர்கள். காகிதமில்லாத தீவில் தேங்காயில் எழுதலாம் என்ற யோசனை யாருடையது? அடுத்த ஆண்டே இந்தக் கதையை எழுதிய ஜான் ஹெர்சியின் கட்டுரையில், கென்னடி ஒரு தேங்காயை எடுத்துக் கத்தியால் கீறுகிறார், அவ்வளவுதான். காசா வயதான பிறகு சொன்னது வேறு: யோசனை என்னுடையது, எரோனியைத்தான் மரத்தில் ஏறிக் காய் பறிக்கச் சொன்னேன். எனக்கு காசா சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. பாஸ்டன் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தென்னை பசி தீர்த்த மரம். அந்தத் தீவுக்காரருக்கு அது கயிறும் கூரையும் பாத்திரமும். எழுதுபலகையும் ஆகும் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

இருவரும் மட்டையோடும், படகின் இன்னொரு அதிகாரி பென்சிலால் எழுதிய சீட்டோடும் வள்ளத்தில் ஏறி, ஜப்பானியர் நடமாடும் கடலில் 38 மைல் துடுப்பு வலித்து ரெண்டோவா தளத்தில் சேர்த்தார்கள். வழியில் பிடிபட்டிருந்தால் எழுதியவருக்கு முன்னால் தலை போயிருப்பது சுமந்தவர்களுக்கு. சேதி எட்டியதும் எவன்ஸ் ஆளனுப்பினார். கென்னடியை வள்ளத்தின் அடியில் படுக்கவைத்து மேலே தென்னோலை போட்டு மூடி, விமானம் பறக்கும் கடலில் கொண்டுபோனார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஆகப் போகிறவர் ஓலைக்கடியில் மூச்சடக்கிக் கிடந்த அந்த இடம் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆகஸ்ட் 8 அன்று மற்றவர்களும் மீட்கப்பட்டார்கள். மட்டை கென்னடியிடமே திரும்பி வந்தது.

அமெரிக்கா வந்த மட்டைக்கு வேறு வேலை காத்திருந்தது. ஹெர்சியின் கட்டுரை 1944 ஜூனில் நியூயார்க்கர் இதழில் வந்தது. தந்தை ஜோசப் கென்னடி அதோடு விடவில்லை. ரீடர்ஸ் டைஜஸ்ட் அதைச் சுருக்கி வெளியிட ஏற்பாடு செய்தார். குடும்பத்தின் நம்பிக்கையான மூத்த மகன் ஜோ, அதே ஆண்டு ஆகஸ்டில் வெடிமருந்து ஏற்றிய விமானம் வானிலேயே வெடித்துச் செத்துப்போனார். தேர்தல் பொறுப்பு இரண்டாமவர் தலையில் விழுந்தது. 1946இல் அவர் காங்கிரஸுக்கு நின்றபோது அந்தக் கட்டுரையின் பிரதிகள் தொகுதியில் வீடு வீடாகப் போயின. 1952இல் செனட்டுக்கு நின்றபோது இன்னும் வேடிக்கை: படகைப் பிளந்த அமாகிரியின் தலைவர் கோஹெய் ஹனாமியே வாழ்த்துக் கடிதம் எழுதினார், அது பிரச்சாரத்தில் பயன்பட்டது. மூழ்கடித்தவரே சாட்சி சொல்ல வந்தால் யார் நம்பமாட்டார்கள்?

1960இல் சட்டையின் டையில் குத்திக்கொள்ளும் பிடி-109 படகு வடிவக் கிளிப் தொண்டர்களிடையே பறந்தது. அந்தப் படகுக் கதைக்கு உண்மையான சோதனை, மேற்கு வர்ஜீனியாவில் கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தல். கத்தோலிக்கர் மிகக் குறைவான மாநிலம். கத்தோலிக்கர் ஜனாதிபதியானால் போப் ஆட்சி வருமென்ற பயம் வேறு. கடற்படையில் சேரும்போது என் மதத்தை யாரும் கேட்கவில்லையே என்றார் கென்னடி. எதிராளி ஹ்யூபர்ட் ஹம்ப்ரி போருக்குப் போகாதவர். உடல் தகுதி இல்லையென்று ராணுவமே கழித்தவர். ஆனாலும் ரூஸ்வெல்ட்டின் மகனை மேடையேற்றி, ஹம்ப்ரி போருக்கு டிமிக்கி கொடுத்தவர் என்று படும்படி பேசவைத்தார்கள். பேசியவர் பின்னாளில் வருந்தினார். ஹம்ப்ரி தோற்று, போட்டியிலிருந்தே விலகினார்.

பொதுத் தேர்தலில் எதிரே நின்ற நிக்சனை அப்படி மடக்க முடியாது. அவரும் கடற்படை, அவரும் தென் பசிபிக். குவேக்கர் என்று சொல்லிப் போரிலிருந்து ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. ஆனால் அவர் பார்த்தது சரக்கு ஏற்றி இறக்கும் வேலை; விமானிகளுக்கு ஹாம்பர்கர் போட்டுக் கொடுக்கும் கடையும் நடத்தினார். பீரங்கிக்கும் பொட்டலத்துக்கும் போட்டி வந்தால் தேர்தலில் எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்! அந்த அக்டோபரில் தொலைக்காட்சி விவாதத்தில் இருவரும் மல்லுக்கட்டிய விஷயங்களில் ஒன்று, சீனக் கரையை ஒட்டிய கெமோய், மாட்சு என்ற இரண்டு சிறு தீவுகளுக்காக அமெரிக்கா போரிடலாமா என்பது. காப்பாற்ற முடியாத இடத்தில் கோடு கிழிக்காதே என்றார் கென்னடி. நிலம் சிறிதானாலும் கொள்கை பெரிது என்றார் நிக்சன். தீவுச் சண்டையைக் கிட்டத்தில் பார்த்த இருவரின் வாதம் அது. கடைசியில் 6 கோடியே 88 லட்சம் வாக்குகளில், 1 லட்சத்துச் சொச்சம் வித்தியாசத்தில் முடிந்தது.

பதவியேற்பு ஊர்வலத்தில் ஒரு பிடி படகுக்கு 109 என்று எண் எழுதி, பழைய மாலுமிகளை ஏற்றி வாஷிங்டன் தெருவில் இழுத்துப்போனார்கள். காசாவுக்கும் குமானாவுக்கும் அழைப்பு போயிருந்தது. தலைநகர் ஹொனியாரா வரை வந்த தங்களை, ஆங்கிலம் தெரியாதென்று பிரிட்டிஷ் அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவர்கள் பின்னர் சொன்னார்கள்.

மட்டை மட்டும் உள்ளே போனது. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் பதித்து, காகிதம் பறக்காமல் வைக்கும் எடையாக ஜனாதிபதியின் மேசையில் அமர்ந்தது. அந்த மேசையே ரெசலூட் என்ற பழைய பிரிட்டிஷ் கப்பலின் மரத்தில் செய்தது. மட்டையின் அடியில் என்னென்ன காகிதங்கள் கிடந்தன என்பதுதான் கதை. கென்னடி பதவியேற்றபோது தெற்கு வியட்நாமில் அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் சுமார் 900 பேர். அவர் கொல்லப்பட்ட 1963 நவம்பரில் சுமார் 16,000.

அவருக்குப்பின் வந்த ஜான்சனுக்கும் ஒரு பசிபிக் நினைவுச்சின்னம் இருந்தது: 1942இல் ஒரே ஒரு விமானப் பயணத்துக்காகக் கிடைத்த வெள்ளி நட்சத்திரப் பதக்கத்தின் சின்னம். கோட்டில் குத்தியபடியே திரிவார். 1964 ஜூலை முடிவில், அமெரிக்கா கொடுத்த, பிடி படகின் வாரிசான வேகப்படகுகள் வடக்கு வியட்நாம் தீவுகளைத் தாக்கின. பதிலுக்கு வடக்கு வியட்நாமின் டார்பிடோ படகுகள் அமெரிக்காவின் மாடாக்ஸ் கப்பலைத் துரத்தின. தேதி ஆகஸ்ட் 2. பிடி-109 பிளந்து சரியாக 21 ஆண்டு. இந்தமுறை சிறுபடகு எதிராளியுடையது, நாசகாரிக் கப்பல் அமெரிக்காவுடையது. இரண்டு நாள் கழித்து நடந்ததாகச் சொன்ன இன்னொரு தாக்குதல் நடக்கவேயில்லை. ஆனால் அதை வைத்து மூன்றே நாளில் செனட்டில் 88க்கு 2 என்று போர் அதிகாரம் நிறைவேறியது. நவம்பர் தேர்தலில், போரை விரிக்கமாட்டேன் என்ற தொனியில் பேசிய ஜான்சன், கோல்ட்வாட்டரை அமோகமாகத் தோற்கடித்தார்.

அந்தப் போர் எந்த வேட்பாளருக்கும் மட்டை தரவில்லை. அல் கோர் வியட்நாம் போனவர், தோற்றார். ஐந்தரை ஆண்டு சிறையிருந்த மெக்கெய்னும் தோற்றார். இன்றுவரை வியட்நாமில் பணிபுரிந்த ஒருவரும் ஜனாதிபதியானதில்லை. மெக்கெய்ன் பிடிபட்டதையே கேலிசெய்த, குதிகால் எலும்பைச் சொல்லிக் கட்டாய ராணுவத்துக்குத் தப்பியவரோ ஜனாதிபதியானார். கெர்ரி கதை எல்லாவற்றிலும் வினோதம். பெயரின் முதலெழுத்துகள் கென்னடியைப் போலவே ஜே.எஃப்.கே. மீகாங் கழிமுகத்து ஆறுகளில் ஸ்விஃப்ட் படகு ஓட்டியவர். 2004இல் கட்சி மாநாட்டுக்கு பாஸ்டன் துறைமுகத்தில் பழைய மாலுமிகளோடு படகிலேயே வந்திறங்கினார். அடுத்த வாரமே, வேறு ஸ்விஃப்ட் படகு வீரர்கள் கூடி அவர் பதக்கங்கள் பொய்யென்று விளம்பரம் செய்தார்கள். கடற்படை ஆவணங்கள் கெர்ரி பக்கம். அவர் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோரும் அவர் பக்கம். பயனில்லை. ஒருவரின் போர்ச் சேவையையே அவதூறாக்குவதற்கு அவர் படகின் பெயரே அமெரிக்க அரசியலில் வினைச்சொல்லாகிவிட்டது. 1960இல் ஒரு படகு ஆளை ஏற்றிவிட்டது, 44 ஆண்டுக்குப்பின் ஒரு படகு ஆளைக் கவிழ்த்தது.

கெர்ரி வந்திறங்கிய அதே துறைமுகக் கரையில், கொலம்பியா பாயிண்டில் 1979இல் திறந்த கென்னடி நூலகத்தில்தான் மட்டை இப்போது இருக்கிறது.

அது கிளம்பிய தீவுகளில் போர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. 2021இல் ஹொனியாராவில் தேவாலய நிதிக்காகச் சமைக்க மூட்டிய அடுப்பின் கீழே புதைந்திருந்த பழைய குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். 2023இல் கென்னடியின் மகள் கரோலின், ஆஸ்திரேலியாவுக்கான அமெரிக்கத் தூதராக அங்கே போய்த் தந்தை நீந்திய கடலில் நீந்தினார். சீனா அங்கே கால் ஊன்றியதைக் கண்டு, 1993இல் மூடிய தூதரகத்தை அமெரிக்கா மறுபடி திறந்த ஆண்டும் அதுவே.

காசா 2005இல் காலமானார். எரோனி குமானா அதற்குப்பின் ஒரு காரியம் செய்தார். குடும்பத்தில் வழிவழியாக வந்த, பெரிய சிப்பியில் குடைந்து செய்த பழைய காசு ஒன்றை ஒரு அமெரிக்கரிடம் கொடுத்து, தலைவரின் சமாதியில் வைக்கச் சொன்னார். 2008 நவம்பரில் ஆர்லிங்டனில் கென்னடியின் கல்லறை மேல் அதை வைத்தார்கள். பிறகு அதுவும் பாஸ்டன் நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. 2014 ஆகஸ்ட் 2 அன்று குமானா இறந்தார்.