கல் குவாரிக்கு இரையான கல்லறை

எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் மூத்த கட்டடம் ஒன்று பிரான்சு நாட்டில் இருக்கிறது. பிரிட்டனி கடற்கரையிலுள்ள பார்னெனெஸ் கல்லறையே அது. புதிய கற்கால மக்கள் சாந்து இல்லாமல் கற்களை அடுக்கி எழுப்பியது. நீளம் சுமார் 72 மீட்டர். உள்ளே 11 அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனி நடைவழி.

அருகே இன்னொரு சிறிய கல்லறையும் இருந்தது. 1950-களில் ஒப்பந்தக்காரர் ஒருவர் இவ்விடத்தைக் கல் குவாரியாக்கினார். சிறியது அநேகமாக முழுவதும் அழிந்தது. பெரியதில் சில அறைகள் வெட்டுப்பட்டுத் திறந்துகொண்டன. 1955-இல் வேலை நிறுத்தப்பட்டது. பின்னர் தொல்லியல் அறிஞர் ஜியோ தலைமையில் 1968 வரை அகழாய்வும் சீரமைப்பும் நடைபெற்றன. வெட்டுப்பட்ட பக்கத்தை இன்றும் காணலாம்.

கல்லறையின் வயதை எப்படி அறிகிறோம்? பிரிட்டனியின் அமில மண்ணில் எலும்பு நீடிப்பதில்லை, அடுப்புக்கரி நீடிக்கும். அதிலுள்ள கார்பன்-14 அணுக்கள் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகின்றன. எஞ்சிய அளவைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம்.

ஆனால், இம்முறை சொல்வது கரியின் வயதையே. அக்கரி எந்தக் கல்லுக்கு அடியில், எந்த அறையில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அது கல்லறையின் வயதாகும். மண்ணைப் புரட்டிவிட்டால், பெயர்ச்சீட்டு கிழிந்த மருந்துப் புட்டியின் கதைதான்! சரிந்த சுவரைத் திரும்ப அடுக்கலாம். கலைந்த கரியை அதன் பழைய இடத்தில் வைக்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் இயலாது.