கிளிஷே: அச்சகத்தில் பிறந்த சொல்

துக்கம் என்றால் "ஈடு செய்ய முடியாத இழப்பு", கடிதம் என்றால் "நலம், நலமறிய ஆவல்". இந்தத் தேய்வழக்குகளைத்தான் ஆங்கிலத்தில் கிளிஷே என்கிறோம். சொல்லின் பிறந்த வீடு பிரெஞ்சு அச்சகம்.

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். பின்னாளில் ஐரோப்பாவில், கோத்த பக்கத்தை அப்படியே உலோகத் தகடாக வார்த்தார்கள். மறுபதிப்புக்கு மறுபடி கோக்க வேண்டாம். வார்க்கும்போது எழுந்த ஓசையே 'கிளிஷே' ஆயிற்று என்பார்கள். ஸ்டீரியோடைப் என்பதும் இதே தகடுதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேய்ந்த சொற்றொடர்களுக்கும் அந்தப் பெயர் வந்தது.

வங்கிக் கடிதத்துக்குத் தகடு போதும். ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுனில் வளரும் நம் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பாட்டியிடம் போனில் "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டுவதில்லை. தகடு கைவந்துவிட்டது, எழுத்து கோக்க இனிப் பழக்க வேண்டும். உங்கள் வீட்டில் எப்படி?